மனிதப் பரிணாமம் முடிந்துவிட்டது என்கிறேன், மறுப்பவர்கள் வரலாம்

கதிரவன்77:
ஞானப்பல் பிடுங்கிக்கொண்டு வந்து வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருக்கிறேன், பேச முடியாது, அதனால் தட்டுகிறேன். எக்ஸ்ரேயில் எனக்கு மூன்று ஞானப்பல்தான் தெரிந்தது. நான்காவது முளைக்கவும் இல்லை, ஈறுக்குள்ளும் இல்லை. "பரவாயில்லையே, பரிணாமத்தில் ஒரு படி மேலே இருக்கிறீர்கள்" என்று பல் மருத்துவர் சிரித்தார். அதுதான் உறுத்துகிறது.

என்னைக் கேட்டால் மனிதனுக்குப் பரிணாமம் எப்போதோ நின்றுவிட்டது. இயற்கைத் தேர்வு வேலை செய்ய வேண்டுமானால் சிலர் பிள்ளை பெறும் வயதுக்கு முன்பே சாக வேண்டும். முந்நூறு வருடத்துக்கு முன்பு பிறந்த குழந்தைகளில் கிட்டத்தட்ட பாதி பெரியவர்களாவதற்குள் போய்ச் சேர்ந்தன. இன்றைக்கு உலகம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தாலும் ஐந்து வயதுக்குள் இறப்பது நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. பார்வை மங்கினால் கண்ணாடி, சர்க்கரை நோய்க்கு இன்சுலின், காய்ச்சலுக்கு மாத்திரை. போட்டதெல்லாம் கீழே விழுந்துவிடுகிற சல்லடையை வைத்துக்கொண்டு எதைச் சலிப்பது? மரபியலாளர் ஸ்டீவ் ஜோன்ஸ் 2008இல் ஒரு சொற்பொழிவில் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். யாராவது மறுங்கள் பார்ப்போம்.

ஆந்தைக்கண்:
//சிலர் பிள்ளை பெறும் வயதுக்கு முன்பே சாக வேண்டும்//

முதல் படியிலேயே இடறுகிறீர்கள். யாரும் சாக வேண்டாம். ஒருவருக்கு நான்கு பிள்ளை, இன்னொருவருக்கு ஒன்று, மூன்றாமவருக்கு இல்லவே இல்லை என்கிற வித்தியாசம் இருந்து, அந்த வித்தியாசத்தில் மரபணுவுக்குக் கொஞ்சம் பங்கும் இருந்தால் தேர்வு நடந்துகொண்டேதான் இருக்கும். சாவு குறைந்த சமூகத்தில் ஆட்டம் பிறப்பு எண்ணிக்கைக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் ஃப்ரேமிங்காம் என்ற ஊரில் 1948இலிருந்து இதய நோய் ஆராய்ச்சிக்காக மக்களைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வருகிறார்கள். பரிணாம உயிரியலாளர் ஸ்டீபன் ஸ்டெர்ன்ஸ் குழு அந்தத் தரவை எடுத்து, எப்படிப்பட்ட பெண்களுக்கு அதிகப் பிள்ளைகள் என்று கணக்குப் போட்டு 2010இல் வெளியிட்டது. கொஞ்சம் குள்ளமானவர்கள், கொஞ்சம் பூசினாற்போல இருப்பவர்கள், கொலஸ்ட்ரால் குறைவானவர்கள், மாதவிடாய் தாமதமாக நிற்பவர்கள் பக்கம் காற்று வீசுகிறது என்று வந்தது. இதே போக்கு நீடித்தால் பத்துத் தலைமுறையில் சராசரி உயரம் 2 செ.மீ. குறையலாம். நவீன மருத்துவம் இருக்கிற ஊரில்தான் இது, கவனியுங்கள்.

அப்புறம் அந்தப் பல். உலகில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஏதாவது ஒரு ஞானப்பல் முளைப்பதே இல்லை. அதில் மேல்படி கீழ்படி ஒன்றும் கிடையாது. பரிணாமம் ஏணி என்று உங்கள் மருத்துவருக்கு யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சோதித்துப் பார்க்க இன்னொன்று சொல்கிறேன். உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஒட்ட வைத்து, மணிக்கட்டை லேசாக உங்களை நோக்கி மடக்குங்கள். மணிக்கட்டுக்கு நடுவில் கயிறு மாதிரி ஒரு தசைநாண் எழும்பும். சிலருக்கு எழும்பாது, அந்தத் தசையே அவர்களுக்கு இல்லை. இல்லாதவர்களுக்குப் பிடியில் குறிப்பிடும்படியான பலவீனமும் இல்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று ஆகிவிட்ட உறுப்பு இப்படித்தான் ஊசலாடும்.

வாய்த்துடுக்கு:
வலது கையில் கயிறு இருக்கிறது, இடது கையில் இல்லை. நான் பாதிப் பரிணாமமா? அலுவலகத்தில் வரிசையாக எல்லோர் மணிக்கட்டையும் மடக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், மேலதிகாரி முறைக்கிறார்.

கதிரவன்77:
சரி ஆந்தை சார், சாவு தேவையில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பத்துத் தலைமுறை என்றால் 250 வருடம். 250 வருடத்தில் 2 செ.மீ.! அதே நேரத்தில் நெதர்லாந்தில் ஒன்றரை நூற்றாண்டுக்குள் ஆண்களின் சராசரி உயரம் ஏறக்குறைய 20 செ.மீ. கூடிவிட்டது. முக்கியமாக ஊட்டச்சத்தும் சுகாதாரமும்தான் காரணம், மரபணு அந்த வேகத்தில் ஓடாது. நீங்கள் சொல்லும் தேர்வு ஒரு மூலையில் முனகிக்கொண்டிருக்கிறது, சூழல் ஒலிபெருக்கி வைத்துக் கத்துகிறது. முனகலைக் கேட்டுவிட்டுப் பாட்டு நடக்கிறது என்கிறீர்கள்.

இன்னொன்று. யாருக்கு எத்தனை பிள்ளை என்பதை இன்று முடிவு செய்வது படிப்பு, வேலை, வீட்டு வாடகை, கருத்தடை மாத்திரை. இதில் மரபணு எங்கே வந்தது?

ஆந்தைக்கண்:
உயரத்தில் நீங்கள் சொல்வது சரி. நான்கூட வகுப்பில் இதை அடிக்கடி திருத்த வேண்டியிருக்கிறது. கிட்டப்பார்வையும் அப்படித்தான். இரண்டே தலைமுறையில் இவ்வளவு பேருக்குக் கண்ணாடி வந்ததற்குப் பரிணாமம் காரணமாக இருக்க முடியாது. பிள்ளைகள் வெளி வெளிச்சத்தில் போதுமான நேரம் இருப்பதில்லை. ஆக, கண்ணாடி வந்ததால் பார்வை கெட்டுப்போன மரபணு பெருகிவிட்டது என்று நீங்கள் முதலில் ஜாடை காட்டியதும் அடிபட்டுப் போகிறது, பாருங்கள்.

ஆனால் கருத்தடை மாத்திரை விஷயத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முன்பெல்லாம் பிள்ளை வேண்டும் என்று ஆசை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளை பிறந்தது. இப்போது வேண்டும் என்று நினைப்பவர்களுக்கே பிறக்கிறது. அந்த "வேண்டும்" என்கிற மனப்பாங்கில் துளி அளவு மரபுப் பங்கு இருந்தாலும் அது இப்போதுதான் முதல்முறையாகத் தேர்வின் பார்வைக்கு வருகிறது. பண்பாடு தேர்வை ஒழிக்கவில்லை, குறியை மாற்றியிருக்கிறது.

கனடாவில் இல் ஓ கூட்ர் என்று ஓர் ஆற்றுத்தீவு. அங்கே தேவாலயப் பதிவேடுகளை வைத்து ஆராய்ந்ததில் 1800 முதல் 1940 வரையிலான காலத்தில் பெண்களின் முதல் பிரசவ வயது சுமார் 26இலிருந்து 22க்கு இறங்கியிருக்கிறது, அதில் ஒரு பங்கு மரபுவழி மாற்றம் என்று 2011இல் வெளியிட்டார்கள். 140 வருடம். பரிணாமக் கடிகாரத்தில் இது ஒரு கொட்டாவி நேரம்.

கதிரவன்77:
தீவு! நான் காத்திருந்த சொல். ஒதுங்கி வாழ்ந்த சின்னக் கூட்டம், பெரும்பாலும் மருத்துவத்துக்கு முந்தைய காலம். அடுத்து ஆக்சிஜன் குறைந்த உயரத்தில் வாழப் பழகிய திபெத் என்பீர்கள், கடலில் மூச்சடக்கி முக்குளிக்கும் பஜாவ் மக்களின் பெரிய மண்ணீரல் என்பீர்கள், பால் செரிக்கும் லாக்டேஸ் என்பீர்கள். எல்லாம் ஆயிரக்கணக்கான வருடக் கதை. இன்று 800 கோடிப் பேர், விமானம் ஏறிக் கலந்துகொண்டே இருக்கிறோம். மரபணுவில் எழுத்துப் பிழை மாதிரி விழும் மாற்றம்தான் பிறழ்வு. இவ்வளவு பெரிய கடலில் ஒரு புதிய பிறழ்வு விழுந்தால் கரைந்து காணாமல் போய்விடும்.

வார்டுநர்ஸ்:
இரண்டு பேருக்கும் நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நான் பதினாறு வருடமாகப் பிரசவ வார்டில் இருக்கிறேன். "சிசேரியன் வந்ததால் மனித இனமே மாறுகிறது, இடுப்பு சிறுத்த பெண்கள் பெருகிவிட்டார்கள்" என்று எங்கள் ஓய்வறையில் ஒருவர் அடித்துச் சொன்னார். அதற்கு அடிப்படை 2016இல் வந்த ஒரு கணித மாதிரி. குழந்தையின் தலை இடுப்பெலும்பு வழியாக வர முடியாத நிலை ஆயிரத்துக்கு 30 என்றிருந்தது 36 ஆகியிருக்கலாம் என்று அந்தக் கணக்கு சொன்னது. கணக்குதான், யாரும் தலைமுறை தலைமுறையாக இடுப்பை அளந்து பார்த்துச் சொல்லவில்லை.

வார்டில் நான் பார்ப்பது வேறு. குழந்தை பெரிதாக இருப்பதற்குப் பல நேரம் தாயின் சர்க்கரை காரணம். குழந்தை குறுக்கே கிடக்கும், இதயத் துடிப்பு இறங்கும், நஞ்சுக்கொடி கீழே இருக்கும், முதல் குழந்தை சிசேரியன் என்பதால் இரண்டாவதும் சிசேரியன். ஒரு நாள் இரவில் மூன்று பேரை அடுத்தடுத்துத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனோம், மூன்றில் ஒருவருக்குக்கூட இடுப்பு பிரச்சினை இல்லை. இன்று உலகில் ஐந்தில் ஒரு பிரசவம் சிசேரியன். அதையெல்லாம் மரபணு கணக்கில் எழுதினால் எப்படி? அதே நேரம் கதிரவன் சொல்வதுபோல ஒன்றுமே மாறாது என்றும் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. முன்பு தாயும் பிள்ளையும் சேர்ந்தே இறந்த பிரசவங்கள் இப்போது சாதாரணமாக வீட்டுக்குப் போகின்றன, அந்தப் பிள்ளைகளும் நாளை பெறத்தான் போகிறார்கள்.

வாய்த்துடுக்கு:
அக்கா, நீங்கள் ஒருவர்தான் இங்கே கண்ணால் பார்த்ததைச் சொல்கிறீர்கள். மற்ற இரண்டு பேரும் பல்லையும் மணிக்கட்டையும் வைத்து ஓட்டுகிறார்கள்.

ஆந்தைக்கண்:
நர்ஸ் சொன்னதை முழுதாக ஏற்கிறேன். அந்தக் கணித மாதிரியை நான் எங்கேயும் ஆதாரமாகக் காட்டுவதில்லை.

//ஒரு புதிய பிறழ்வு விழுந்தால் கரைந்து காணாமல் போய்விடும்//

பெரும்பாலானவை காணாமல்தான் போகும், சின்னக் கூட்டத்திலும் அப்படித்தான். ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒவ்வொரு குழந்தையும் பெற்றோரிடம் இல்லாத 60, 70 புதிய எழுத்து மாற்றங்களோடு பிறக்கிறது. தந்தையின் வயது கூடக் கூட அதுவும் கூடும். ஆண்டுக்குச் சுமார் 13 கோடிப் பிறப்பு. பெருக்கினால் 800 கோடிக்கு மேல் புதிய மாற்றங்கள். நம் மரபணுத் தொகுப்பின் நீளம் சுமார் 300 கோடி எழுத்து. அதாவது உயிரோடு பிறக்க இடம் கொடுக்கிற எந்த ஒற்றை எழுத்து மாற்றமும் இந்த வருடம் பூமியில் எங்கோ ஒரு தொட்டிலில் கிடக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. மனித வரலாற்றில் இவ்வளவு மூலப்பொருள் ஒருபோதும் இருந்ததில்லை. நல்லது பரவ நேரம் ஆகும், அது உண்மை.

திபெத்தைப் பழைய கதை என்கிறீர்கள். நேபாளத்தின் மேல் முஸ்டாங்கில் 3,500 மீட்டருக்கு மேலே வாழும், 46 வயது கடந்த 417 திபெத்திய வம்சாவளிப் பெண்களை ஆராய்ந்து 2024இல் வெளியிட்டார்கள். அதிகக் குழந்தைகள் உயிரோடு பிறந்தது யாருக்கு? ஹீமோகுளோபின் அதிகமானவர்களுக்கும் இல்லை, குறைவானவர்களுக்கும் இல்லை, நடுவில் இருந்து அதே சமயம் ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைவு அதிகம் இருந்தவர்களுக்கு. ஹீமோகுளோபின் ஏறினால் ரத்தம் கெட்டியாகி இதயம் திணறும். இவர்கள் உயிரோடு இருக்கும் பெண்கள், பேட்டி கொடுத்தவர்கள், புதைபடிவம் இல்லை.

ஈசல்:
ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கூரு நோயை யாரும் சொல்லவில்லையே. பாப்புவா நியூ கினியின் மலைப்பகுதியில் ஃபோரே மக்கள். இறந்த உறவினரின் உடலை, மூளை உட்பட, துக்கச் சடங்கில் உண்ணும் வழக்கம் இருந்தது. அதன் வழியே பரவிய நோய் பெண்களையும் குழந்தைகளையும்தான் அதிகம் கொண்டுபோனது. மோசமான காலத்தில் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு பேர்வரை. நடை தடுமாறும், உடல் நடுங்கும், பிறகு உட்காரக்கூட முடியாது. 1950களின் கடைசியில் வழக்கம் நின்றது. பிறகு 2009இல் பார்த்தால், நோய் கடுமையாக இருந்த பகுதியில் பிழைத்தவர்களிடம் ப்ரியான் மரபணுவில் (ப்ரியான் என்ற புரதம் உருக்குலைவதால்தான் இந்த நோய்) ஒரேயொரு மாற்றம், அது நோய் வந்தவர்களிடம் இல்லை. இது 20ஆம் நூற்றாண்டு. கேமரா இருந்த காலம்.

கதிரவன்77:
கூரு எனக்குத் தெரியாது, நன்றி ஈசல். ஆனால் அதுவே என் பக்கமும் பேசுகிறதே. நோயை நிறுத்தியது மரபணுவா, பழக்கத்தை விட்டதா? பழக்கத்தை விட்ட அன்றே அந்த மரபணுவுக்கு வேலை போய்விட்டது. மரபணு ஆரம்பித்த வேலையைப் பண்பாடு பத்து வருடத்தில் முடித்துவிட்டது. நான் "முடிந்துவிட்டது" என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன், "முக்கியமில்லாமல் போய்விட்டது" என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே தலைப்பைத் திருத்த வழி தெரியவில்லை.

வாய்த்துடுக்கு:
அப்படியானால் எதிர்காலத்தில் பெரிய தலை, ஒல்லிக் கை, கைப்பேசி தட்ட நீண்ட கட்டைவிரல் என்று படம் போடுகிறார்களே, அது?

ஆந்தைக்கண்:
கட்டைவிரலால் எவ்வளவு தட்டினாலும் பிள்ளைக்கு அது போய்ச் சேராது. நீண்ட கட்டைவிரல்காரர்களுக்கு அதிகப் பிள்ளை பிறந்தால் மட்டும் பேசலாம். பெரிய தலையும் சந்தேகம்தான். கடைசிப் பனிக்கால மனிதர்களோடு ஒப்பிட்டால் நம் மூளை சிறியது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன, எப்போது, ஏன் என்பதில்தான் இன்னும் அடிதடி. எதிர்காலத்தைப் படம் போடுகிறவர்களை நான் நம்புவதில்லை. அடுத்த கொள்ளைநோய் எது என்று தெரியாமல் அடுத்த மரபணு எது என்று எப்படிச் சொல்வது?

கதிரவன்77:
அங்கேதான் நான் முக்கியமில்லை என்பது. 2018 நவம்பரில் ஹே ஜியான்குய் என்ற சீன ஆராய்ச்சியாளர் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியால் கருவிலேயே, எச்ஐவி உடலின் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் வாசலைத் தரும் சிசிஆர்5 மரபணுவை வெட்டி, இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தார். எச்ஐவி தொற்றாமல் இருக்க என்றார். அடுத்த வருடம் மூன்று ஆண்டு சிறைத் தண்டனை. சட்டம் இன்று தடுக்கிறது, நாளைக்கு எங்கோ ஒரு நாட்டில் தடுக்காது. ஆயிரம் வருடம் எடுக்கும் மாற்றத்தை ஒரு மதியத்தில் ஊசியால் செய்யும்போது உங்கள் 2 செ.மீ.யை யார் எண்ணிக்கொண்டிருப்பார்?

வார்டுநர்ஸ்:
அந்த ஊசி எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று கொஞ்சம் யோசியுங்கள் தம்பி. ஆண்டுக்கு 13 கோடிக் குழந்தை என்று மேலேயே எழுதியிருக்கிறது. அதில் எத்தனையோ குழந்தைகள் பிறக்கும்போது பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒரு கைகூட இல்லை. உங்கள் கிரிஸ்பர் சில ஆயிரம் பேரை மாற்றுவதற்குள் மலேரியாவும் காசநோயும் கோடிக்கணக்கானவர்கள் மேல் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

ஆந்தைக்கண்:
இதை நான் எழுதியிருக்க வேண்டும். ரத்தச் சிவப்பணுவை அரிவாள் வடிவமாக்கும் அரிவாளணு மரபணு மலேரியாவிலிருந்து காக்கிறது என்று ஆலிசன் என்ற ஆய்வாளர் 1954இல் காட்டினார். கொசு இருக்கும் இடத்தில் அந்தக் கணக்கு இன்றும் ஓடுகிறது.

கதிரவன்77:
கொசுவை ஒழித்துவிட்டால்? சரி, அதைத் தனியாக வைத்துக்கொள்வோம், பஞ்சு நனைந்துவிட்டது, மாற்ற வேண்டும். திரும்பி வந்து அரிவாளணுவில் பிடிக்கிறேன்.

வாய்த்துடுக்கு:
நிலவரம்: அலுவலகத்தில் பதினொரு பேரில் இரண்டு பேருக்குக் கயிறு இல்லை. மேலதிகாரிக்கு இரண்டு கையிலும் இருக்கிறது.