பிராக் நகருக்கு ஒரு பகல் போதுமா?

கோவை செந்தில்:
வணக்கம். மே முதல் வாரம் குடும்பத்தோடு ஐரோப்பா போகிறோம். நான், மனைவி, பத்தாவது எழுதிய மகள், 68 வயது அம்மா. ஏஜென்ட் போட்டுக் கொடுத்த திட்டத்தில் வியன்னாவிலிருந்து காலையில் பஸ். சனிக்கிழமை மதியம் செக் நாட்டுத் தலைநகர் பிராக்கில் இறக்கிவிட்டு, ஆறு மணி நேரம் கழித்து ஏற்றிக்கொண்டு ஜெர்மனி பக்கம் போய்விடுவார்கள். பிராக்கில் இரண்டு இரவு தங்க வேண்டுமென்றால் ஸ்விட்சர்லாந்தில் இரண்டு நாள் குறையும். அது தகுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது. சுத்த சைவம், முட்டையும் சாப்பிட மாட்டார். போய் வந்தவர்கள் சொல்லுங்க.

ஊர்சுற்றி:
செந்தில் சார், ஆறு மணி நேரமே போதும். நான் 2023 செப்டம்பரில் நான்கு நாள் தங்கினேன். இரண்டாம் நாளே கிளம்பிவிடலாம் என்று தோன்றிவிட்டது.

பழைய நகரச் சதுக்கத்திலிருந்து சார்லஸ் பாலத்துக்குக் கார்லோவா என்று ஒரு குறுகிய தெரு போகிறது. தேர்த் திருவிழாக் கூட்டம். இரண்டு பக்கமும் ரஷ்ய மரப் பொம்மை, காந்த ஸ்டிக்கர், பணம் மாற்றும் கூண்டு. கம்பியில் மாவைச் சுற்றிச் சுட்டு, சர்க்கரை தூவி, உள்ளே ஐஸ்கிரீம் அடைத்து விற்கும் ட்ரடெல்னிக் கடை பத்தடிக்கு ஒன்று. பழைய போஹேமிய (செக் நாட்டின் மேற்குப் பகுதி) பலகாரம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். விசாரித்தால் அந்தப் பேருக்கு உரிமை உள்ள ஊர் ஸ்லோவாக்கியாவில் இருக்கிற ஸ்கலிட்சா. உள்ளூர்க்காரர் ஒருவரைக்கூட நான் அந்தத் தெருவில் பார்க்கவில்லை.

அந்தச் சதுக்கத்தில் இருப்பது 1410-ஆம் ஆண்டுக் கடிகாரம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதன் முன்னால் அரை மணி நேரம் இடம் பிடித்து நின்றேன். மணியடித்ததும் எலும்புக்கூட்டுப் பொம்மை கயிற்றை இழுத்தது, மேலே இரண்டு சன்னலில் அப்போஸ்தலர்கள் வரிசையாக வந்து போனார்கள், சேவல் கூவியது. ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. நேரம் இருந்தால் குட்னா ஹோராவுக்குக் கொடுங்கள். ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். வெள்ளிச் சுரங்கம் இருந்த ஊர், புனித பார்பரா தேவாலயம் அங்கேதான். நிம்மதியாக நின்று பார்க்கலாம்.

மேகலா:
செந்தில் அண்ணா, நான் பிராக்கில் ஜிஷ்கோவ் பகுதியில் ஐந்து வருடம் இருந்தேன். ஊர்சுற்றி சொன்ன கூட்டம் உண்மை. அதை வைத்து ஆறு மணி நேரம் போதும் என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கூட்டத்தில் பெரும்பங்கு உங்கள் ஏஜென்ட் போட்டது போன்ற திட்டத்தில் வருபவர்கள். பகல் பதினொன்றிலிருந்து மாலை ஐந்துக்குள் எல்லோருக்கும் அதே சதுக்கம், அதே தெரு, அதே பாலம். அந்த நேரத்துக்குள் வந்து போகிறவருக்கு ஊர் அப்படித்தான் தெரியும்.

மே மாதம் ஐந்தரைக்கெல்லாம் விடிந்துவிடும். அப்போது பாலத்துக்குப் போங்கள். 1357-இல் போஹேமிய அரசர் நான்காம் சார்லஸ் அடிக்கல் நாட்டிய பாலம், 516 மீட்டர் நீளம். 1841 வரை ஊருக்குள் வல்டாவா ஆற்றின் மேல் அது ஒன்றுதான் பாலம். இரண்டு கைப்பிடிச் சுவரிலும் 30 சிலைகள், இப்போது இருப்பவற்றில் பெரும்பாலானவை நகல். புனிதராகப் போற்றப்படும் பாதிரியார் நெபோமுக் யோவானின் சிலை 1683-இல் வைத்த அதே வெண்கலம். அதன் பீடத்தில் இரண்டு தகடுகள் உண்டு. ஒன்றில் அவரைப் பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளுகிறார்கள். வருகிறவர் எல்லாம் தொட்டுத் தொட்டு அந்த ஆள் உருவம் மட்டும் பொன்போலத் தேய்ந்து மின்னும், சுற்றிலும் கறுப்பு. அரசி பாவமன்னிப்பில் சொன்ன ரகசியத்தை அரசனிடம் சொல்ல மறுத்ததால் கொன்றான் என்பது கதை. மடாதிபதி நியமனத்தில் அரசனுக்கும் பேராயருக்கும் நடந்த சண்டையில் 1393-இல் சிக்கிச் செத்தார் என்பது வரலாறு. பகலில் போனால் அந்தத் தகட்டைத் தொட வரிசையில் நிற்க வேண்டும். விடியலில் நீங்களும் ஆற்றுச் சத்தமும்தான்.

கடிகாரத்தைப் பற்றிச் சொல்லியே ஆகணும். பொம்மை ஓட்டம் பிற்காலத்தில் சேர்ந்தது, அதற்காக அங்கே போக வேண்டாம். முகப்பைப் பாருங்கள். அது ஒரு பஞ்சாங்கம். வெளி வளையம் நாளைச் சூரிய அஸ்தமனத்திலிருந்து 24 மணியாக எண்ணும், அது பழைய செக் நேரம். அஸ்தமனம் மாற மாற அந்த வளையமும் நகரும். உள்ளே வளைந்து போகும் பொன் கோடுகள் உதயத்திலிருந்து பகலைப் பன்னிரண்டாகப் பிரிக்கும். கோடையில் ஒரு பங்கு நீளம், குளிரில் குட்டை. உதயாதி நாழிகை எண்ணிய நமக்கு அது புரியாத சமாசாரமா? ராசி வளையத்தில் சூரியன் எங்கே, சந்திரன் வளர்பிறையா தேய்பிறையா என்பது வரை தெரியும். நீங்கள் போகும் நேரத்தில் சூரியன் ரிஷபத்தில் நிற்கும். நம் கணக்கில் சித்திரை, மேஷம். அந்த வித்தியாசம்தான் அயனாம்சம். அம்மாவுக்குப் பஞ்சாங்கம் பார்க்கும் பழக்கம் இருந்தால் அவரே உங்களுக்குச் சொல்லித் தருவார்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். யூத அருங்காட்சியகம் சனிக்கிழமை மூடியிருக்கும். உங்கள் திட்டப்படி போனால் ஊரின் அந்தப் பாதி உங்களுக்கு இல்லை.

ஊர்சுற்றி:
மேகலா, கடிகார முகப்பைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்குத் தெரியாது. ஒப்புக்கொள்கிறேன், அதைப் படித்துவிட்டுப் போயிருந்தால் வேறு மாதிரி நின்றிருப்பேன்.

ஆனால் "தங்குங்கள்" என்று எளிதாகச் சொல்கிறீர்கள். எங்கே தங்குவது? நான் தங்கியது பழைய நகரத்தில் நாள் வாடகைக்கு விடும் ஒரு வீட்டில். மாடிப்படியில் ஒரு பாட்டி எதிரே வந்தார். என் பெட்டியைப் பார்த்தார், பேசாமல் ஒதுங்கி நின்றார். அந்தக் கட்டடத்தில் சொந்தமாகக் குடியிருப்பது அவர் ஒருவர்தான் என்று சாவி கொடுத்த பையன் சொன்னான். ராத்திரி இரண்டு மணிக்குக் குடித்துவிட்டுக் கத்திக்கொண்டு போகும் கூட்டம் எனக்கு நான்கு நாள், அவருக்கு வருடம் முழுவதும். இரவு 10 மணிக்கு மேல் கூட்டமாக மதுக்கடை மதுக்கடையாக அழைத்துப் போகும் சுற்றுலாவை நகராட்சி 2024-இல் தடை செய்யும் அளவுக்கு முற்றியிருக்கிறது. பஸ்ஸில் வந்து போகிறவன் யார் வீட்டையும் பிடுங்குவதில்லை. தங்குகிறவன் பிடுங்குகிறான். அந்தப் பாட்டியின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அருணா:
இந்த வாதத்துக்குள் நான் வரவில்லை, முழங்காலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். போன வருடம் என் அப்பாவை அழைத்துப் போனேன், 71 வயது. பழைய நகரம் முழுக்கச் சதுரக் கல் பாவிய தரை. ஆறு மணி நேரம் தொடர்ந்து நடந்தால் அம்மாவுக்கு அன்றிரவு கால் வீங்கிவிடும். தங்கினால் காலையில் இரண்டு மணி நேரம், ஓய்வு, மாலையில் இரண்டு மணி நேரம் என்று பிரிக்கலாம். குன்றின் மேல் உள்ள பிராக் கோட்டைக்குக் கீழிருந்து படியேற வேண்டாம். 22-ஆம் எண் டிராமில் பிராஷ்ஸ்கி ஹ்ராட் நிறுத்தம் வரை போனால் கிட்டத்தட்ட சமதளத்தில் உள்ளே நடக்கலாம். கோட்டைக்குள் இருக்கும் புனித வீட்டஸ் பேராலயத்தை 1344-இல் தொடங்கி 1929-இல் முடித்தார்கள். அப்பா அதைக் கேட்டுவிட்டு உள்ளே ஒரு பெஞ்சில் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

சாப்பாடு கஷ்டம்தான். சைவம் என்று பொரித்த சீஸ் தருவார்கள், மேல்மாவில் முட்டை உண்டு. உருளைக்கிழங்கு அடையிலும் முட்டை உண்டு. சமையல் வசதி உள்ள அறை எடுத்து அரிசி, பருப்புப் பொடி கொண்டுபோங்கள். பணத்தைத் தெருக் கூண்டில் மாற்றாதீர்கள். எங்களுக்கு ஒரு கூண்டில் பலகையில் எழுதியது ஒரு விலை, கையில் வந்தது வேறு. நூறு யூரோவில் நாலில் ஒரு பங்கு போனது. சட்டப்படி 3 மணி நேரத்துக்குள் திரும்பப் போய் ரத்து செய்யலாம் என்று பிறகுதான் தெரிந்தது.

மேகலா:
ஊர்சுற்றி, அந்தப் பாட்டியைப் போன்றவர்களை நானும் அறிவேன். என் தோழியின் குடும்பம் கோட்டைக்குக் கீழே உள்ள மாலா ஸ்ட்ரானா பகுதியில் மூன்று தலைமுறை இருந்துவிட்டு ஊரின் ஓரத்துக்கு மாறியது. நீங்கள் சொல்வது சரி, குடியிருப்பு வீட்டில் தங்கக் கூடாது. அதற்குத் தங்காமல் போவது வழியில்லை. ஜிஷ்கோவிலோ கார்லினிலோ முறையான ஹோட்டல் எடுக்கலாம். அருணா அக்கா சொன்ன சமையல் வசதியோடும் ஹோட்டல்கள் இருக்கின்றன. அங்கிருந்து டிராமில் கால் மணி நேரம்.

நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், யூத அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பிங்காஸ் தொழுகைக்கூடத்துக்காக. உள்ளே மேசை, நாற்காலி, படம் எதுவும் கிடையாது. சுவர் முழுக்கக் கையால் எழுதிய பெயர்கள். போஹேமியா, மொராவியா பகுதிகளிலிருந்து நாஜிகள் கொண்டுபோய்க் கொன்ற யூதர்கள், ஏறக்குறைய 78,000 பேர். ஊர்வாரியாக, குடும்பம் குடும்பமாக. பிறந்த தேதி, உயிரோடிருந்ததாகத் தெரிந்த கடைசித் தேதி. எழுத்து விரல் உயரம்கூட இல்லை. தூரத்தில் நின்றால் சுவரில் சிவப்பும் கறுப்புமாய் ஏதோ நெசவு போலத் தெரியும், கிட்டே போனால்தான் பெயர். 1950-களில் எழுதியது. 1968-க்குப் பிறகு கூடத்தை மூடிவிட்டார்கள், ஈரத்தில் எழுத்து அழிந்தது. கம்யூனிஸ்ட் ஆட்சி போன பிறகு 1990-களில் மறுபடி ஒவ்வொரு பெயராக எழுதினார்கள். மாடியில் தெரெசின் முகாமில் அடைபட்டிருந்த குழந்தைகள் வரைந்த படங்கள் இருக்கின்றன. உங்கள் மகள் வயதில் பல பேர். நான் முதல் முறை போனபோது ஒரு குடும்பத்தின் வரிசையைப் படித்து முடிக்கவே கால் மணி நேரம் ஆனது. ஆறு மணி நேரத் திட்டத்தில் அந்தக் கால் மணி நேரம் எங்கே இருக்கிறது?

இன்னொன்று, நமக்கே உரியது. 1348-இல் தொடங்கிய சார்லஸ் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. நம் இலக்கியத்துக்கு வாழ்நாளைக் கொடுத்த கமில் சுவெலபில் அந்த ஊரில் பிறந்தவர், அந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர். 1968-இல் சோவியத் டாங்குகள் வந்த பிறகு நாட்டை விட்டுப் போனார். அந்தப் படையெடுப்பை எதிர்த்து யான் பாலாக் என்ற 20 வயது மாணவர் 1969 ஜனவரியில் தீக்குளித்த இடம் தேசிய அருங்காட்சியகத்தின் வாசலில் இருக்கிறது. தரையிலிருந்து புடைத்து எழும் வெண்கலச் சிலுவை, அவ்வளவுதான் அடையாளம். தெரியாமல் அதன் மேல் நடந்து போய்விடுவார்கள்.

ஊர்சுற்றி:
பிங்காஸுக்கு நான் போகவில்லை. சீட்டு வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அது என் தவறு.

ஹோட்டல் விஷயத்திலும் ஒத்துப்போகிறேன். ஆனால் இரண்டு இரவும் ஊருக்குள்ளேயே என்றால் இல்லை. இரண்டாம் நாள் பகல், கூட்டம் கூடும் அந்த நேரத்தில், ரயிலேறிக் குட்னா ஹோரா போய்விட்டு மாலையில் திரும்புங்கள். காலையும் மாலையும் பிராக், நடுப்பகல் வெளியூர். இதில் மட்டும் நான் பின்வாங்க மாட்டேன்.

கோவை செந்தில்:
எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை மூடியிருக்கும் என்பதை ஏஜென்ட் சொல்லவே இல்லை. இன்று காலை பேசினேன். பிராக்கை ஞாயிறு, திங்களுக்கு மாற்றி இரண்டு இரவு போட்டுத் தருகிறேன் என்றிருக்கிறார். ஸ்விட்சர்லாந்தில் இரண்டு நாள் போகிறது, மகளுக்கு வருத்தம். தெரெசின் குழந்தைகளின் படங்களைப் பற்றி மேகலா எழுதியதை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பனிமலையைப் பற்றிப் பேசவில்லை.

கடிகாரத்தின் படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். "சந்திரன் குண்டு பாதி கறுப்பா இருக்கே, இது எந்தத் திதியில எடுத்தது?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மேகலா, திங்கள் காலை அருங்காட்சியகம் எத்தனை மணிக்குத் திறக்கும், சீட்டை முன்பே எடுத்துவிடலாமா?

மேகலா:
ஒன்பது மணிக்குத் திறக்கும் அண்ணா, இணையத்திலேயே எடுத்துவிடலாம். முதல் ஆளாகப் போய்விடுங்கள், பிங்காஸுக்கு முதலில். அம்மாவிடம் சொல்லுங்கள், அந்தக் குண்டு தானாகவே சுழன்று வளர்பிறையும் தேய்பிறையும் காட்டும்.