புரோட்டா கல் நடுவுல கருகுது, ஓரத்துல வேகலை: தகட்டை மாத்தணுமா, பர்னரை மாத்தணுமா?

ஒத்தக்கடை டிபன்:
கல்லு 3 அடிக்கு 2 அடி, எஸ்.எஸ். 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), கனம் 8 மி.மீ. துருப்பிடிக்காதுன்னு அதை எடுத்தது. அடியில நடுவுல ஒரே ஒரு கேஸ் பர்னர், தீ வட்டம் சுமார் ஒரு அடி. நடுவுல போட்டா கருகுது, ரெண்டு ஓரத்துலயும் புரோட்டா வெள்ளையாவே கிடக்கு. அரை மணி நேரம் சூடேத்தினாலும் அதே நிலைமைதான். நடுக்கல் லேசா உப்பி எண்ணெய் ஓரத்துக்கு ஓடுது. 20 மி.மீ. இரும்புத் தகடு போட்டா சரியாயிடுமா? இதே கல்லுல, பன் மாதிரி தடிமனா இருக்குற பன் புரோட்டாவும் போடணும்.

பட்டறைக்காரன்:
எஸ்.எஸ். இந்த வேலைக்கு ஆகாதுண்ணே. அது சூட்டைப் பக்கவாட்டுல சரியாக் கடத்தாது. நடுவு மட்டும் சூடாகி விரியும், ஓரம் குளிர்ந்து இறுக்கிப் பிடிக்கும், அதான் உப்புது. சாதா இரும்பை விட எஸ்.எஸ். விரியுறதும் அதிகம். எம்.எஸ்., அதாவது சாதா இரும்புத் தகடு, 12 மி.மீ. போடுங்க. எடை 52 கிலோ பக்கம் வரும், ஸ்டாண்டு தாங்குதான்னு பார்த்துக்கோங்க. துரு பத்திக் கவலை வேணாம், எண்ணெய் காய்ச்சிப் பழக்கின கல்லு ராத்திரி துடைச்சு எண்ணெய் தடவி வச்சா துருப்பிடிக்காது.

இயற்பியல் வாத்தியார்:
பட்டறைக்காரர் சொல்றது சரி. ஆனா தகட்டை மட்டும் மாத்தினா பிரச்சினை பாதிதான் தீரும்.

வெப்பம் கடத்துற திறன் எம்.எஸ்.ஸுக்கு 50 வாட்/மீட்டர்-டிகிரி பக்கம், எஸ்.எஸ். 304-க்கு 16தான். பக்கவாட்டுல சூடு பரவ, இந்த எண்ணும் கனமும் சேர்ந்து கணக்கு. ஆனா 200 டிகிரியில இருக்குற கல்லு மேற்பக்கமா சதுர மீட்டருக்கு மூணு மூணரை கிலோவாட் சூட்டை வெளியே விட்டுட்டே இருக்கும். ஓரத்துக்குப் போற சூடு வழியிலயே கரைஞ்சுடும்.

தீக்கு நேர் மேலே 220 டிகிரின்னு வைங்க. உங்க தீ விளிம்புல இருந்து கல்லு ஓரம் ஒரு அடி தள்ளி இருக்கு. வெளிக்காத்து 35 டிகிரின்னா, கடத்தல் மட்டும் வச்சுக் கணக்குப் போட்டா:
8 மி.மீ. எஸ்.எஸ். ஓரம் 40 டிகிரி சொச்சம்,
12 மி.மீ. எம்.எஸ். ஓரம் 90 பக்கம்,
20 மி.மீ. எம்.எஸ். ஓரம் 120 பக்கம்.
அடியில ஓடுற சூட்டுக்காத்தால நிஜத்துல இதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். ஆனாலும் 120-ல புரோட்டா சிவக்காது, காயத்தான் செய்யும். 20 மி.மீ. கல்லு 87 கிலோ பக்கம், காலையில சூடேத்த கேஸும் அந்த அளவுக்குக் கூடும். அந்தக் காசை பர்னர்ல போடுங்க.

காத்திருந்தாலும் பிரயோசனம் இல்லை. 12 மி.மீ. இரும்புல கீழிருந்து மேலே சூடு ஏற பத்துப் பன்னிரண்டு செகண்டுதான். அதே சூடு பக்கவாட்டுல ஒரு அடி போகணும்னா ரெண்டு மணி நேர அளவு ஆகும், தூரத்தோட வர்க்கத்துக்குத்தான் நேரம் கூடுது. அதுக்குள்ள அது மேலே போயிடும்.

செல்லூர் மெஸ்:
அடியில 2 மி.மீ. செம்புத் தகடு வச்சா? செம்பு 390 ஆச்சே சார்?

இயற்பியல் வாத்தியார்:
ரெண்டு தகடும் முழுசா ஒட்டாது. அரை மி.மீ. காத்து இடைவெளி விழுந்தா, மேலே ஏறுற சூட்டுக்கு அது ஏறக்குறைய அரை மீட்டர் கனமான இரும்பு அளவுக்குத் தடை. கல்லு நெளிய நெளிய இடைவெளி இடத்துக்கு இடம் மாறும். செலவும் வீண்.

பட்டறைக்காரன்:
அப்போ 12 மி.மீ. எம்.எஸ்., அடியில நீள வாக்குல ரெண்டு குழாய் பர்னர். நீள ஓரத்துல இருந்து 15 செ.மீ. உள்ளே ஒவ்வொண்ணு, தீ ஓடுற நீளம் 75 செ.மீ. இப்படி வச்சா எந்த இடமும் தீயில இருந்து 18 செ.மீ.க்கு மேல தள்ளி இருக்காது. ஒவ்வொண்ணுக்கும் தனி வால்வு கண்டிப்பா வேணும். பர்னரையும் ஜெட்டையும் (கேஸ் வர்ற சின்னத் துளை) கேஸ் வேலை தெரிஞ்சவங்களே போடட்டும், சோப்புத் தண்ணி விட்டு லீக் பார்த்த பிறகு பத்த வைங்க.

அதுவரைக்கும் ஓட்டணும்னா, இப்ப இருக்குற பர்னருக்கும் கல்லுக்கும் நடுவுல, கல்லுக்கு 3 செ.மீ. கீழே, 20 செ.மீ. வட்டமா 3 மி.மீ. எம்.எஸ். தகடு தொங்க விடுங்க. தீ நடுவுல நேரா அடிக்காம சுத்தி விரியும். தீ மஞ்சளா மாறினா காத்து போதலைன்னு அர்த்தம், உடனே கழட்டிடுங்க.

இயற்பியல் வாத்தியார்:
தனி வால்வு பன் புரோட்டாவுக்குத்தான் ரொம்ப உதவும். மாவு இரும்பு மாதிரி இல்லை, அதோட கடத்தல் அரை வாட் கூடத் தேறாது. கனம் ரெண்டு மடங்கானா உள்ளே வேக நாலு மடங்கு நேரம். அதனால ஒரு பக்கத்தை 160, 170-ல சிம்ல வச்சு மூடி போட்டு வேக விட்டு, கடைசியில சூடான பக்கம் தள்ளிச் சிவக்க விடுங்க. கறிதோசைக்கும் இதே முறைதான்.

ஒத்தக்கடை டிபன்:
ரொம்ப நன்றி சார், நன்றிண்ணே. சூடு பார்க்க அந்தத் துப்பாக்கி மாதிரி தெர்மாமீட்டர் இருக்கு. ஆனா கல்லு புகையுறப்பவும் 90-னு காட்டுது?

இயற்பியல் வாத்தியார்:
பளபளப்பான எஸ்.எஸ். மேல அது குறைச்சுத்தான் காட்டும். கல்லுல எண்ணெய் கருத்து ஒட்டின இடத்தைப் பார்த்து அளந்தா சரியா வரும். இல்லைன்னா எண்ணெய் விடாம கல்லு முழுக்க மைதாவை மெல்லிசா தூவுங்க, எது முதல்ல சிவக்குதோ அங்கதான் சூடு அதிகம். புதுக்கல் மாட்டினதும் இதைச் செஞ்சு பார்த்துட்டு வால்வைச் சரி பண்ணுங்க.

பட்டறைக்காரன்:
ஒண்ணு விட்டுப்போச்சு. கடை மூடுறப்ப சூட்டுக்கல்லுல பச்சைத்தண்ணி ஊத்த விடாதீங்க. புது எம்.எஸ். கல்லும் நெளிஞ்சுடும்.