மழைக்காலத்தில் வெப்பமண்டல நாட்டுக்கு லேப்டாப்போடு போகிறேன், எதற்குப் பயப்பட வேண்டும்?

ஜன்னலோரம்:
அடுத்த மாதத்திலிருந்து எட்டு வாரம் ஒரு வெப்பமண்டல நாட்டுக்குள் பஸ், படகு, ரயில் என்று சுற்றப் போகிறேன். லீவு கிடையாது, போகிற இடத்திலிருந்தே வேலை பார்க்க வேண்டும், அதனால் 'லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போ' என்ற ஒரு அறிவுரை மட்டும் வேண்டாம். அங்கே அப்போது மழைக்காலம். நெட்டில் தேடினால் ரெயின் கவர் வாங்கு, திருடன் ஜாக்கிரதை என்பதோடு எல்லோரும் முடித்துக்கொள்கிறார்கள். போய் வந்தவர்கள் சொல்லுங்கள், நிஜத்தில் லேப்டாப்பைக் கெடுப்பது எது? சார்ஜருக்குத் தனியாகக் கன்வெர்ட்டர் வேண்டுமா? 20,000 எம்ஏஎச் பவர்பேங்க் இருக்கிறது, விமானத்தில் விடுவார்களா?

ஸ்குரூடிரைவர்:
லேப்டாப் ரிப்பேர்தான் என் பிழைப்பு. மழையில் நனைத்துக் கொண்டுவருபவர்களாவது உண்மையைச் சொல்லிவிடுவார்கள். 'ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை, தானாகச் செத்துவிட்டது' என்று வருகிற கேஸ்கள்தான் பாவம், அவர்கள் சொல்வதும் பொய் இல்லை. ராத்திரி முழுக்க ஏசி அறையில் 20 டிகிரியில் கிடந்த மெஷினைக் காலையில் வெளியே எடுத்துவந்து உடனே திறக்கிறீர்கள். வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்று 28 டிகிரிக்குக் கீழே இருக்கிற எதன்மேல் பட்டாலும் தண்ணீராகிவிடும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வெளிப்பக்கம் வேர்க்கிறதே, அதேதான், இங்கே வேர்ப்பது மதர்போர்டு. ஃபேன் வேறு அந்தக் காற்றை உள்ளே இழுத்து இழுத்துக் கொடுக்கும்.

கண்ணாடி போடுபவராக இருந்தால் சுலபம், அறையை விட்டு வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி மங்கினால் லேப்டாப்பைத் தொடாதீர்கள். கிளம்பும் முன்பே ஷட்டவுன் செய்து (ஸ்லீப் போதாது) பைக்குள் வைத்து மூடிவிடுங்கள், வெளியே வந்தபின் ஒரு மணி நேரம் அப்படியே கிடக்கட்டும், பைக்குள்ளேயே மெதுவாகச் சூடேறிவிடும். கடலோரம் தங்கினால் இன்னும் மோசம். அப்படிப் போய்வந்த ஒன்றைத் திறந்தபோது சார்ஜிங் போர்ட்டை ஒட்டி, துலக்காத செம்புப் பாத்திரத்தில் இருக்குமே, அந்தப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஈரமும் உப்பும் சேர்ந்த வேலை.

கன்வெர்ட்டர் வேண்டாம். சார்ஜர் மேல் பொடி எழுத்தில் 100-240V, 50/60Hz என்று இருக்கும், இருந்தால் எந்த நாட்டு கரன்ட்டும் அதற்குச் சரி, பிளக் பொருந்த அடாப்டர் மட்டும் போதும். எர்த் இல்லாத இரண்டு பின் அடாப்டரில் போட்டால் மெட்டல் பாடியில் கை வைக்கும்போது லேசாக விறுவிறுக்கலாம், மூன்று பின் கிடைத்தால் அதையே வாங்குங்கள். இடி இடித்தால் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள், லேன் கேபிள் சொருகியிருந்தால் அதையும் சேர்த்து.

கால்நடைப் பயணி:
ரெயின் கவரைப் பற்றி ஒரு வார்த்தை. அது பையின் முதுகுப் பக்கத்தை மூடாது. மழைத்தண்ணீர் கழுத்து வழியாக இறங்கி முதுகுக்கும் பைக்கும் நடுவே ஓடும், லேப்டாப் அறை இருப்பதும் அங்கேதான்! மழையே இல்லாவிட்டாலும் இரண்டு மணி நேரம் நடந்தால் வேர்வையே போதும், எனக்கு உறை ஈரமாகி உள்ளே நோட்டுப் புத்தகம் அலையலையாக நெளிந்துவிட்டது. அதன்பிறகு படகுக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி வாயைச் சுருட்டிக் கிளிப் போடும் டிரை பேக் ஒன்றை வாங்கி, அதற்குள் லேப்டாப், அதைத் தூக்கி முதுகுப்பைக்குள். மூன்று சுருட்டாவது சுருட்ட வேண்டும். கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து.

அப்புறம் யாரும் சொல்லாத ஒன்று, கொசு மருந்து. டீட் கலந்த மருந்தைக் கையில் தேய்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்து ராத்திரி பன்னிரண்டு வரை டைப் அடித்தேன். காலையில் மணிக்கட்டு வைக்கும் இடம் பிசுபிசு என்று ஒட்டுகிறது, துடைத்தால் கோட்டிங் உரிந்து துணியோடு வருகிறது, என் கட்டைவிரல் ரேகை ஸ்பேஸ் பார் மேல் பதிந்துபோய் இன்றைக்கும் இருக்கிறது. டீட் பலவகைப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், அட்டையிலேயே சின்னதாகப் போட்டிருந்தார்கள், நான்தான் பார்க்கவில்லை. பிக்காரிடின் கலந்தது வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

ஈரத்துணி:
சிலிக்கா ஜெல்லெல்லாம் எதற்கு, நனைந்தால் அரிசி மூட்டைக்குள் ஒரு நாள் புதைத்துவைத்தால் சரியாகிவிடுமே?

ஸ்குரூடிரைவர்:
ஆகாது நண்பரே, போர்ட்டுக்குள் போன அரிசியைக் கம்பியால் தோண்டி எடுத்தவன் சொல்கிறேன். நனைந்தால் சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு, கூடாரம் மாதிரி கவிழ்த்து ஃபேன் காற்றில் வையுங்கள். 'வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று நடுவில் ஆன் செய்வதுதான் கொல்லும். சிலிக்கா ஜெல்லும் குடித்த அளவுக்குக் குடித்துவிட்டுச் சும்மா கிடக்கும், அவ்வப்போது மாற்ற வேண்டும்.

மூணாவது பெர்த்:
பவர்பேங்க் கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். 20,000 எம்ஏஎச், அதாவது 20 ஆம்பியர்-ஹவரை, உள்ளே இருக்கிற பேட்டரியின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-ஹவர். பொதுவான வரம்பு 100, அதனால் விடுவார்கள். ஆனால் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் கூடவே கூடாது. மேலே அச்சடித்த எண்கள் அழிந்துபோயிருந்தால் பிடுங்கி வைத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. பறக்கும்போது அதில் சார்ஜ் போடவே கூடாது என்கிற விமான நிறுவனங்களும் இருக்கின்றன, டிக்கெட் போடும்போதே பார்த்துவிடுங்கள்.

என் கதை வேறு. லேப்டாப் நன்றாகத்தான் இருந்தது, ஒரு அப்டேட் முடிந்ததும் பிட்லாக்கர் (விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் வசதி) 48 இலக்க ரெகவரி கீ கேட்டது. கீ மெயிலில். மெயிலுக்குள் போக ஓடிபி வேண்டும். ஓடிபி வருகிற சிம்மைக் கழற்றி உள்ளூர் சிம் போட்டிருந்தேன், பழைய சிம் எங்கே என்றால் இரண்டு ஊருக்கு முன்னால் தங்கின அறையில், மேஜை டிராயரில். மூன்று நாள் வேலை போச்சு. ரெகவரி கீயையும், ஓடிபி வராதபோது மெயிலுக்குள் போக உதவுகிற பேக்கப் கோடுகளையும் பேப்பரில் எழுதி பாஸ்போர்ட்டோடு வையுங்கள், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

ஜன்னலோரம்:
எல்லோருக்கும் நன்றி, ரெயின் கவர் ஆர்டரை ரத்து செய்துவிட்டேன். ஸ்குரூடிரைவர் அண்ணே, ஒரே சந்தேகம், நான் கண்ணாடி போடுவதில்லையே?

ஸ்குரூடிரைவர்:
அறையிலிருந்து வந்ததும் போன் கேமராவைத் திறந்து பாருங்கள். படம் பனிமூட்டமாகத் தெரிந்தால் லேப்டாப் பைக்குள்ளேயே இருக்கட்டும்.