பிபி ஆடுது, கிராங்க் கழற்றணும்: வீட்டிலேயே செய்ய என்னென்ன வேணும்?

ஈரோடு_கியர்:
வணக்கம். என்னிடம் இருப்பது இரும்பு ஃபிரேம் எம்டிபி. முன்னால் 42-34-24, பின்னால் 7 கியர், ஸ்கொயர் டேப்பர் ஆக்சில் (முனை குறுகிச் செல்லும் சதுர அச்சு). அழுத்தி மிதித்தால் கீழே 'கட் கட்' என்று சத்தம் வருகிறது. கிராங்கை, அதாவது பெடல் மாட்டியிருக்கும் கையைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளினால் ஆட்டம் தெரிகிறது. பிபி (பாட்டம் பிராக்கெட், கிராங்க் ஆக்சிலும் அதன் பேரிங்கும்), கிராங்க் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். ஸ்பேனர், சாக்கெட் செட், ஆலன் கீ வீட்டில் இருக்கிறது. சைக்கிளுக்கென்று தனி டூல் எதுவும் இல்லை. எதை வாங்குவது, எந்தப் பக்கம் எப்படித் திருப்புவது? இதே ஃபிரேமில் ஹாலோடெக் (பேரிங் ஃபிரேமுக்கு வெளியே உட்காரும் ஷிமானோ கிராங்க் செட்) போடலாமா?

செயின்வீல்:
வாங்குவதற்கு முன் எது ஆடுகிறது என்று பாருங்கள். செயினைச் சின்னச் செயின்வீலிலிருந்து உள்பக்கம் இறக்கிவிடுங்கள். ஒரு கிராங்கைத் தள்ளும்போது மறுபக்கக் கிராங்கும் சேர்ந்து நகர்ந்தால் பேரிங் போயிருக்கிறது. ஒன்று மட்டும் ஆடினால் ஆக்சில் மேல் அந்தக் கிராங்க்தான் லூஸ், பிபியைத் தொட வேண்டாம். ஆனால் லூஸான கிராங்கோடு ஓட்டியிருந்தால் அலுமினியச் சதுரத் துளை விரிந்திருக்கும். அதை எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது, அந்தக் கிராங்கைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பெடலையும் செயின்வீல் போல்ட்டுகளையும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். பிபி மேல் விழுகிற பழியில் பாதி அவற்றுக்குச் சொந்தம்.

பேரிங்தான் என்றால் வாங்க வேண்டிய டூல் இரண்டே இரண்டு: கிராங்கை ஆக்சிலிலிருந்து இழுத்தெடுக்கும் கிராங்க் புல்லர், பிபியைத் திருப்பிக் கழற்றும் 20 பல் பிபி டூல். புல்லரின் முனை ஸ்கொயர் டேப்பருக்கான சிறிய முனையா என்று கேட்டு வாங்குங்கள். ஆக்டாலிங்க் வகைக்கான (பல் வெட்டிய தடித்த ஆக்சில்) தடித்த முனை கிராங்கின் சதுரத் துளைக்குள் நுழையாது.

புது பிபிக்கு மூன்று அளவு தேவை. முதலில் ஷெல்லின், அதாவது பிபி உட்காரும் ஃபிரேம் குழாயின் அகலம், 68 அல்லது 73 மி.மீ. ஸ்கேலை வைத்தே தெரிந்துவிடும். அடுத்தது மரை. நம் ஊரில் விற்கிற சைக்கிள்களில் பெரும்பாலும் பிஎஸ்ஏ மரை, 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. மூன்றாவது ஆக்சில் நீளம். இதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். பழைய ஆக்சிலை வெளியே எடுத்து முனை முதல் முனை வரை அளந்து அதே நீளம் வாங்குங்கள். ஷிமானோ யுஎன்300 கார்ட்ரிட்ஜ் (பேரிங்கும் ஆக்சிலும் ஒரே மூடிய உருளையாக வரும் பிபி) 110, 113, 117.5, 122.5 போன்ற நீளங்களில் வருகிறது. 5 மி.மீ. கூடினால் செயின்வீல் ஏறத்தாழ 2.5 மி.மீ. வெளியே தள்ளிப்போகும், முன் டிரெய்லியர் (செயினை அடுத்த செயின்வீலுக்குத் தள்ளும் பாகம்) எட்டாது. குறைந்தால் சின்னச் செயின்வீல் செயின்ஸ்டேயில் (பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க் குழாய்) உரசும்.

கிராங்கும் புதிதென்றால் பழைய நீளத்தை நம்ப வேண்டாம். கிராங்க் தயாரிப்பாளர் சொல்லும் ஆக்சில் நீளத்தை எடுங்கள். ஜிஸ், ஐசோ என்று டேப்பரில் இரண்டு வகை உண்டு. ஐசோ ஆக்சிலில் ஜிஸ் கிராங்கைப் போட்டால் 4.5 மி.மீ. அளவுக்கு அதிகமாக உள்ளே போய் உட்காரும். ஷிமானோ எல்லாம் ஜிஸ்.

மரை_எதிர்மரை:
திசையை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க. பிஎஸ்ஏ ஷெல்லில் செயின் பக்கக் கப்புக்கு (பிபியை ஷெல்லில் பிடிக்கும் மரை வளையம்) எதிர் மரை, வலஞ்சுழியாகத் திருப்பினால் கழலும்; இடப்பக்கம் சாதாரண மரை. ஸ்பேனர் பிடி மேல்நோக்கி நிற்கும்போது அதை முன்சக்கரம் பக்கம் தள்ளினால் இரண்டு கப்பும் கழலும், பின்சக்கரம் பக்கம் இழுத்தால் இறுகும். பெடல் இதற்கு நேர் தலைகீழ்: முன்னால் தள்ளினால் இறுகும். கிராங்க் போல்ட் இரண்டுமே சாதாரண மரைதான்.

கழற்றுவது:

கிராங்க் போல்ட் 14 மி.மீ. சாக்கெட் அல்லது 8 மி.மீ. ஆலன் கீ. போல்ட் வந்ததும் வேலை முடிந்தது என்று புல்லரை மாட்டாதீர்கள். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், வாஷர் தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும். அது கிராங்க் மேல் உட்கார்ந்திருக்கிற வரை புல்லர் முனை ஆக்சிலை விட்டு அதைத்தான் அழுத்தும், கிராங்க் வராமல் மரை பிய்யும். புல்லரின் நடுத்தண்டை முழுக்கப் பின்னால் இழுத்துவிட்டு, வெளிமரையைக் கையாலேயே கடைசி வரை ஏற்றுங்கள். இரண்டு மூன்று மரை மட்டும் பிடித்திருக்கும்போது முறுக்கினால் கிராங்கிலுள்ள மரை அப்படியே சுருளாக வெளியே வரும். முழுதாக ஏறியதும் நடுத்தண்டை முறுக்கினால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிராங்க் நழுவி வெளியே வந்துவிடும்.

மரை ஏற்கெனவே போயிருந்தால் இரட்டைக் கால் பேரிங் புல்லர் வாடகைக்கு எடுங்கள். எப்படியும் கிராங்கை மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் போல்ட் இல்லாமல் தெருவில் நான்கு சுற்று மெதுவாக மிதித்தாலும் தானாக லூஸாகும். அதோடு அந்தக் கிராங்கின் ஆயுள் முடிந்தது.

பிபியை முதலில் இடப்பக்கம் கழற்றுங்கள், பிறகு செயின் பக்கம். டூல் வழுக்கிப் பல்லைக் கெடுக்காமலிருக்க கிராங்க் போல்ட்டையும் ஒரு பெரிய வாஷரையும் போட்டு டூலை ஆக்சிலோடு லேசாகப் பிடித்துவையுங்கள், கப் அரைச் சுற்று அசைந்ததும் போல்ட்டைத் தளர்த்திவிட்டுத் தொடருங்கள்.

மாட்டுவது:

ஷெல் மரையை மண்ணெண்ணெய், பழைய டூத் பிரஷ் கொண்டு துடைத்து எடுங்கள். மரை முழுக்க கிரீஸ் தாராளமாக. இரும்பு ஃபிரேமில் இதில் கஞ்சத்தனம் செய்தால் அடுத்த முறை கப் அசையாது. கார்ட்ரிட்ஜ் உடலைச் செயின் பக்கமிருந்து விடுங்கள், ஆர் என்று எழுதியிருக்கும். மூன்று நான்கு சுற்றாவது விரலாலேயே போக வேண்டும். போகவில்லை என்றால் மரை குறுக்கே ஏறுகிறது, கழற்றி மறுபடி வையுங்கள். பிறகு இடப்பக்கக் கப். இறுக்கம் 50 முதல் 70 நியூட்டன் மீட்டர். கிராங்க் போல்ட் 35 முதல் 50.

டார்க் ரெஞ்ச் இல்லையா? ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசு போதும். 25 செ.மீ. நீளப் பிடியின் நுனியில் மாட்டி, பிடிக்குச் செங்குத்தாக 16 கிலோ காட்டும்வரை இழுத்தால் அது ஏறக்குறைய 40 நியூட்டன் மீட்டர். 30 செ.மீ. பிடியில் 20 கிலோ என்றால் கிட்டத்தட்ட 60.

டேப்பரில் கிரீஸ் தடவலாமா என்பது தீராத சண்டை. நான் துடைத்து உலர்வாகத்தான் மாட்டுவேன், போல்ட் மரைக்கும் வாஷருக்கும் மட்டும் கிரீஸ். இறுக்கியபின் போல்ட்டை ஒருமுறை கழற்றிப் பாருங்கள்: ஆக்சில் முனை, வாஷர் உட்காரும் கிராங்க் முகத்துக்கு 1 அல்லது 2 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். சமமாக வந்துவிட்டால் போல்ட் அழுத்துவது ஆக்சிலைத்தான், கிராங்கை அல்ல.

ஈரோடு_கியர்:
மிக்க நன்றி. திறந்துவிட்டேன். உள்ளே கார்ட்ரிட்ஜ் இல்லை, பழைய வகை: தனி ஆக்சில், கேஜில் (வளையத்தில் கோத்த) பால்ஸ், இடப்பக்கம் லாக் ரிங். ஷெல் 68, ஆக்சில் 122.5. இடப்பக்கக் கப் வந்தது. செயின் பக்கக் கப் 36 மி.மீ., பெரிய ரெஞ்ச் போட்டால் விளிம்பில் வழுக்குகிறது. என்ன செய்ய?

மரை_எதிர்மரை:
ரெஞ்ச் வேண்டாம், விளிம்பு மழுங்கிவிடும். 16 மி.மீ. தடிமனில் நீளமான போல்ட், இரண்டு தடித்த வாஷர், ஒரு நட். கப்பின் துளை வழியாகப் போல்ட்டை வெளியிலிருந்து விட்டு, தலைக்கும் கப்புக்கும் நடுவே ஒரு வாஷர், ஷெல்லுக்குள் மறு வாஷரும் நட்டும். ஆக்சிலையும் பால்ஸையும் எடுத்துவிட்டதால் இடம் கிடைக்கும். உள்ளே நட்டைச் சாக்கெட்டால் பிடித்துக் கப்பை நசுக்குகிற மாதிரி இறுக்குங்கள். பிறகு நட்டை விட்டுவிட்டு, போல்ட் தலையை இன்னும் வலஞ்சுழியாக முறுக்குங்கள். எதிர் மரை என்பதால் போல்ட் இறுகுகிற திசையே கப் கழலுகிற திசை, ஆகவே வழுக்க வாய்ப்பில்லை. முந்தைய நாள் இரவே மரை இடுக்கில் துரு எண்ணெய் விட்டு, சைக்கிளைச் செயின் பக்கம் கீழாகப் படுக்க வையுங்கள். உள்ளிருந்தும் ஊறும்.

செயின்வீல்:
ஹாலோடெக் கேட்டிருந்தீர்கள். பிஎஸ்ஏ ஷெல் என்பதால் உட்காரும். எம்டிபி செட் என்றால் 68 ஷெல்லுக்கு 2.5 மி.மீ. ஸ்பேசர் வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று. இடக் கிராங்கின் மூடி பக்கவாட்டு ஆட்டத்தை எடுக்க மட்டும், விரலால் திருகுகிற அளவு. பிடித்துவைப்பது அந்த இடக் கிராங்கிலேயே உள்ள இரண்டு போல்ட்டுகள், மாற்றி மாற்றி 12 முதல் 14 நியூட்டன் மீட்டர். மூடியை முறுக்கி இறுக்கினால் பேரிங் சீக்கிரம் போகும்.

ஆனால் உங்கள் சைக்கிளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளிப் பேரிங்குக்கு ஷெல்லின் இரு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். மலிவு ஃபிரேமில் முகத்தில் பெயின்ட் திட்டுத்திட்டாக இருக்கும், சீவவும் மாட்டார்கள். 7 கியருக்கு 122.5 கார்ட்ரிட்ஜ் போதும், பழைய கிராங்கின் சதுரம் நன்றாயிருந்தால் அதையே போடுங்கள்.

திண்டுக்கல்_ரோட்ஸ்டர்:
இடையில் ஒரு சந்தேகம். கறுப்பு ரோட்ஸ்டர், காட்டர் பின் கிராங்க் (கிராங்கை ஆக்சிலோடு பிடிப்பது ஆப்பு மாதிரியான பின்). புல்லர் இதற்கு ஆகாதுதானே?

மரை_எதிர்மரை:
ஆகாது. நட்டைக் காட்டர் பின்னின் முனைக்குச் சமமாக நிற்கும்வரை தளர்த்துங்கள், முழுதாக எடுக்க வேண்டாம், மரை நசுங்கும். கிராங்குக்குக் கீழே தரையைத் தொடுகிற இரும்புக் குழாயை, காட்டர் பின்னின் தலை குழாய்க்குள் இறங்குகிற மாதிரி முட்டுக்கொடுத்து, கனமான சுத்தியலால் ஒரே அடி. முட்டு இல்லாமல் பத்து முறை தட்டினால் அடி முழுதும் பால்ஸுக்கும் கப்புக்கும்தான் போகும். புதுப் பின் பெரும்பாலும் 9.5 மி.மீ., சரிவு முகத்தை அரத்தால் சமமாகச் சீவிப் பொருத்த வேண்டும். இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் போகணும். ஒரே திசையில் போட்டால் இரு கிராங்கும் நேர்கோட்டில் நிற்காது. அடித்து உட்கார வைத்தபிறகுதான் நட். நட்டால் பின்னை இழுக்கப் பார்த்தால் மரை போகும். கேஜ் இல்லாமல் போடுவதென்றால் கால் அங்குல பால்ஸ் பக்கத்துக்கு 11.

செயின்வீல்:
ஈரோட்டு நண்பருக்கு ஒன்று விட்டுப்போச்சு. ஷெல்லுக்கு அடியில் கேபிள் கைடைப் பிடிக்கிற ஸ்க்ரூ இருக்கும். பழைய பிபியில் உள்ளே வெற்றிடம், அதனால் நீளமான ஸ்க்ரூ இருந்தாலும் தெரியாது. கார்ட்ரிட்ஜ் உடல் தடிமன், ஸ்க்ரூ முனையில் முட்டி நின்றுவிடும். அதை முதலில் கழற்றிவிட்டு பிபியை ஏற்றுங்கள். பிறகு ஸ்க்ரூவைப் போடும்போது முட்டினால் வெட்டிச் சிறிதாக்குங்கள். 50 கிலோமீட்டர் ஓட்டியதும் கிராங்க் போல்ட்டை அதே தராசு அளவுக்கு ஒருமுறை சரிபாருங்கள். வாரா வாரம் முறுக்கிக்கொண்டே இருக்காதீர்கள், சதுரத் துளை விரியும்.