புதுப்பிப்பு: பரணில் கிடைத்த கடித டப்பா

மயிலாப்பூர் வீட்டுப் பரணில் தாத்தாவின் பிஸ்கட் டப்பா நிறைய நீல இன்லேண்டு கடிதங்கள் கிடைத்ததைப் போன மாதம் எழுதியிருந்தேன். பலவற்றில் தேதியில்லை, முத்திரையும் மங்கல். எப்படி வரிசைப்படுத்துவது என்று கேட்டிருந்தேன்.

முகவரியைப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னது கைகொடுத்தது. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-இல். ஆக, 'மெட்ராஸ்-4' ஒரு கட்டு, '600004' இன்னொரு கட்டு. யானைத் துதிக்கை போல் கொம்பு வைத்து எழுதும் பழைய 'லை'யை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றார் இன்னொருவர். அது பலிக்கவில்லை. அதை மாற்றிய 1978 எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகும் பாட்டி கடைசிவரை அப்படித்தான் எழுதினாள்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் கட்டில் பெரும்பாலும் பாட்டியின் அப்பா கும்பகோணத்திலிருந்து எழுதியவை. ஓரத்தில் மஞ்சள் தடவி, 'இவ்விடம் யாவரும் க்ஷேமம்' என்று தொடங்கி, முகூர்த்த நாள், சத்திரம், நெல் விலை. ஆனால் நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு வந்த மூன்றில், ஒட்டும் மடிப்புக்கு உட்புறம், பொடி எழுத்தில் ஒரு வரி. ஒன்றில், 'கண்ணாடி மாற்றியாயிற்றா?' இன்னொன்றில், 'இருமல் தேவலையா?' கடிதத்தை ஒட்டித் தபாலில் போடும் வேலை பாட்டியுடையது போலிருக்கிறது.

தாத்தா என்ன பதில் போட்டார்? அந்தக் கடிதங்கள் கும்பகோணம் வீட்டோடு போய்விட்டன.

லேமினேட் செய்யச் சொன்னவர்களுக்கு: செய்யவில்லை. ஒருமுறை ஒட்டினால் பிரிக்க முடியாது. ஸ்கேன் செய்துவிட்டேன். அம்மாவிடம் கண்ணாடி வரியைக் காட்டினேன். "அப்பா அப்புறமும் மாத்தவே இல்லையே" என்றாள்.