யாழ்ப்பாணம் வலிகாமத்துக்கு வாற தன்னார்வலர்: குடிதண்ணிக்கு வழி சொல்லுங்கோ

வணக்கம் உறவுகளே. ஆங்கிலம் படிப்பிக்க வெளிநாட்டுத் தங்கச்சி ஒராள் ஐப்பசியில வந்து ஆறு மாதம் கிராமத்தில தங்கப்போறா. அறை, சாப்பாடு எல்லாம் ஒழுங்கு. தண்ணிதான் யோசனை.

வளவுக்கிணறு சுண்ணக்கல்லில வெட்டினது. கேத்திலின்ர அடியில வெள்ளைப்படை பிடிக்குது. அது பரவாயில்லை, வினாகிரி விட்டுக் கொதிக்கவைச்சால் கழண்டிடும். பயம் நைத்திரேற்றுக்குத்தான். வேலிக்கு அங்கால வெங்காயத் தோட்டம். போடுற யூரியா உரம் மண்ணில நைத்திரேற்றா மாறி மழையோட கீழ இறங்கும். கொதிக்கவைச்சால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணி வத்த வத்தக் கூடத்தான் செய்யும். மண் பில்டரும் அதைப் பிடிக்காது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல எண்டால் ஆர்.ஓ. (தண்ணியை நுண்ணிய சவ்வுக்குள்ளால அமுக்கி வடிக்கிற) பில்டர் மாதிரி ஒண்டு வேணும்.

யாழ்ப்பாணத்தில கிணத்துத்தண்ணியை எங்க குடுத்துச் சோதிக்கலாம், எவ்வளவு எடுப்பினம்? கல்லுத்தண்ணிக்கு ஆர்.ஓ. பூட்டினாக்கள், மெம்பிரேன் (அந்தச் சவ்வு) எத்தினை மாதத்தில அடைச்சது எண்டு சொல்லுங்கோ. முன்னுக்கு வேற பில்டர் போட்டனீங்களோ?

இன்னொண்டு: மாரியில டெங்கு கூட. அந்த நுளம்பு பகலிலதான் கடிக்கும், இரவு வலை மட்டும் காணாது. யன்னலுக்கு நெற் அடிக்கிற ஆக்களைத் தெரிஞ்சால் எழுதுங்கோ. பொம்பிளையள் ஓடுற பழைய லுமாலா சைக்கிள் ஒண்டும் தேவை.