கட்டெறும்பு மொய்ப்பது சர்க்கரைக்கா, யூரியாவுக்கா?

வேப்பமரத்தான்: ராத்திரி தோட்டத்தில் ஒன்றுக்குப் போன இடத்தில் அரை மணியில் கட்டெறும்பு கூடிவிடுகிறது. "சுகர் இருக்கான்னு பாருடா" என்றாள் அக்கா. பார்த்தாயிற்று, இல்லை. சிறுநீரிலுள்ள யூரியாவுக்குத்தான் வருகிறது என்பது என் கட்சி. கட்டெறும்பு சேர்ந்த கேம்போனோட்டஸ் பேரினத்தின் நடுக்குடல் செல்களுக்குள் பிளாக்மேனியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. யூரியாவை உடைத்து, அதன் நைட்ரஜனைப் புரதத்தின் செங்கல்லான அமினோ அமிலமாக்கி எறும்புக்கு ஊட்டுகிறது. அது இல்லையேல் எறும்பே இல்லை.

சந்தேகப்பிராணி: கடைசி வரி இடிக்கிறது, அண்ணே. 2007 ஆய்வில் அந்த பாக்டீரியாவை ஒழிக்க ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். வேலைக்கார எறும்புகள் தாக்குப்பிடித்தன. அத்தியாவசிய அமினோ அமிலமில்லாத தீவனம், கூடவே பாக்டீரியாவும் இல்லை என்றபோதுதான் கூட்டுப்புழுவாகத் தேறியவை குறைந்தன. செத்த கரப்பானை இழுத்துப்போகும் எறும்புக்குப் புரதப் பஞ்சமா? சிறுநீரில் உப்பும் இருக்கிறதே!

வேப்பமரத்தான்: புழு தேறாவிட்டால் புற்று எத்தனை நாளைக்கு? மரத்தில் தினமும் கரப்பான் விழாது, அசுவினியின் இனிப்புக் கழிவுதான் கிடைக்கும். பிளாக்மேனியாவின் மரபணுத் தொகுப்பை 2003-இல் படித்தார்கள். சுமார் 7 லட்சம் டி.என்.ஏ. எழுத்து. நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு 46 லட்சம். வீடு வாசலையெல்லாம் விற்றவன் யூரியா உடைக்கும் நொதியை மட்டும் விற்காமல் வைத்திருக்கிறான். சும்மாவா?

ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில் இதே பேரினத்து எறும்புக்குச் சர்க்கரைக் கரைசலும் யூரியாவும் வைத்தார்கள். 10% யூரியாவில்தான் கூட்டம் அதிகம்.

புற்றுமண்: குறுக்கே வருகிறேன். பிளாக்மேனியா மாதிரி செல்லுக்குள் இருப்பதைக் குடல் பாக்டீரியா என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அது முட்டை வழியாகத் தாயிடமிருந்து வருவது. அமெரிக்க வெப்பமண்டல ஆமை எறும்பைப் பாருங்கள். புதிதாக வெளிவந்தவள் மூத்தவளின் பின்புறத்தில் வாய் வைத்துக் குடித்துத்தான் குடல் பாக்டீரியாவைப் பெறுகிறாள். பிறகு இரைப்பைக்கும் குடலுக்கும் நடுவே நுண்ணிய வடிகட்டி உருவாகி, வெளிக்கிருமிக்குக் கதவடைத்துவிடுகிறது. அந்த பாக்டீரியாவும் யூரியாவைத்தான் உடைக்கிறது!

சந்தேகப்பிராணி: கங்காரு தீவை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே போட்டி சர்க்கரையோடு. உங்கள் தோட்டத்துக் கட்டெறும்பு உப்புக்கு வரவில்லை என்று அது சொல்லாதே. ஓர் இலையில் உப்புத் தண்ணீர், இன்னோர் இலையில் உரமூட்டை யூரியா. வைத்துப் பாருங்களேன்.

வேப்பமரத்தான்: ஒன்பது மணிக்கு வைத்தேன். யூரியா இலையில் ஏழு, உப்பில் இரண்டு. எண்ணிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்து இரண்டையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. நாளைக்கு மறுபடி வைக்கிறேன், தாழ்வாரத்துக்குள்.

சந்தேகப்பிராணி: இலையை இடம் மாற்றி வையுங்கள். யூரியா இலை புற்றுக்குப் பக்கத்தில் இருந்ததா என்று அடுத்து கேட்பேன்.